பழைய ஜல்லியின் தாகம்

தொட்டியிலிருந்து கான்கிரீட் கியூபைத் தூக்கும்போதே கைக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும். பதினைந்து சென்டிமீட்டர் கனசதுரம். நல்ல கருங்கல் ஜல்லி போட்டு, காற்றுப் புகாமல் குத்தி நிரப்பியிருந்தால் எட்டரைக் கிலோவை ஒட்டி இருக்கும். அன்றைக்கு நான் தூக்கியவை எட்டேகால்தான் இருந்தன. இருபது வருஷமாகக் கியூப் தூக்குகிற கைக்கு இந்தக் கால் கிலோ பெரிய வித்தியாசம். அதுவாவது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, மெஷினில் வைத்து உடைத்தபோது வந்தது.

ஆறு கியூப். ஒரே நாள், ஒரே கலவை, ஒரே மேஸ்திரி. ஏழாம் நாள் சோதனையில் மூன்று கியூப் சதுர மில்லிமீட்டருக்கு 22 நியூட்டனை ஒட்டி நின்றன. மற்ற மூன்று 17-ஐத் தாண்டத் திணறின. இருபத்தெட்டாம் நாளில் 25 வர வேண்டிய எம்25 கலவைக்கு ஏழாம் நாள் 21 கிடைத்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். 17 என்றால் தூக்கம் வராது.

"பழைய ஜல்லின்னா அப்படித்தாம்பா இருக்கும்" என்றார் எங்கள் மூத்த பொறியாளர். நானும் அப்போது தலையாட்டினேன்.

கதை தொடங்கியது 2018-ல், நங்கநல்லூரில். 1983-ல் கட்டிய மூன்று மாடிக் குடியிருப்பு, பன்னிரண்டு வீடு. சொந்தக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து இடித்துக் கட்ட முடிவு செய்திருந்தார்கள். சென்னையில் ஒரு கட்டடத்தை இடிப்பது ஒரு தனி வியாபாரம். இடிக்கிறவர் நம்மிடம் கூலி கேட்க மாட்டார், அவர்தான் நமக்குப் பணம் தருவார். பர்மா தேக்கு நிலைக்கதவு, ஜன்னல் கிராதி, கம்பி, செப்பு ஒயர், முழுசாகக் கழன்று வரும் செங்கல் எல்லாம் அவருக்கு. மிச்சமிருக்கும் கான்கிரீட்டும் காரையும்தான் யாருக்கும் வேண்டாத பிள்ளை. ராத்திரி லாரியில் ஏறும். ஏதாவது ஓர் ஏரிக்கரையிலோ பள்ளிக்கரணைப் பக்கமோ இறங்கும். விடிந்தால் யார் கொட்டியது என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் கட்டடத்திலிருந்து ஆயிரம் டன்னுக்குக் குறையாமல் இடிபாடு வரும் என்று கணக்குப் போட்டேன். 2016-ல் வந்த கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகளின்படி, ஒரு நாளில் 20 டன்னுக்கு மேலோ ஒரு மாதத்தில் 300 டன்னுக்கு மேலோ கழிவு உண்டாக்கினால் வகை பிரித்து, என்ன செய்யப்போகிறோம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் காகிதத்தை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அப்போது அங்கே குடியிருந்த ரயில்வே பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஏன் தம்பி, எங்க வீட்டுக் கல்லை எங்க வீட்டுக்கே போட முடியாதா?"

முடியும் என்று சட்டப் புத்தகம் சொல்கிறது. ஜல்லிக்கும் மணலுக்கும் நாம் வைத்திருக்கும் ஐ.எஸ். 383, 2016-ல் திருத்தி வெளியானபோது இடித்த கான்கிரீட்டிலிருந்து எடுத்த ஜல்லிக்கும் கதவைத் திறந்தது. கம்பி இல்லாத கான்கிரீட்டில் கால்வாசி வரை போடலாம். கம்பி போட்ட கான்கிரீட்டில் 20 சதவீதம், அதுவும் எம்25 வரைக்கும்தான். எம்15-க்குக் கீழே உள்ள, அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் பிசிசி மாதிரி வேலைகளுக்கு முழுக்க முழுக்கப் பழசையே போடலாம். முன் இழுவிசைக் கான்கிரீட்டில் வாசலிலேயே தடை. படிக்க எளிதாகத்தான் இருந்தது.

இடித்த கான்கிரீட் பாளங்களைக் கிரஷருக்கு அனுப்புமுன் தரம் பிரிக்க ஓர் ஆயாவை வைத்திருந்தோம். அறுபதைத் தாண்டியவர். தார்ப்பாயை விரித்து உட்கார்ந்து, ஒட்டியிருக்கும் செங்கல், டைல்ஸ், மரச்சில்லு, பிளாஸ்டிக் பைப் எல்லாவற்றையும் சுத்தியலால் தட்டித் தனியே போடுவார். முதல் நாளே ஒரு துண்டைப் புரட்டிப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார். "இது திரிசூலம் கல்லு சார். நான் ஒடச்ச கல்லு." சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் திரிசூலம், பல்லாவரம் மலைகளில் ஜல்லி உடைக்கும் வேலை. கிரஷர் உடைத்தால் ஜல்லி தகடு தகடாக, ஊசி முனையோடு வரும். கையால் உடைத்தால் உருண்டு திரண்டு இருக்கும் என்று காட்டினார். பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

அந்தக் கல்லுக்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் வைத்த கல் இந்தப் பல்லாவரத்துக் கருங்கல்தான். அதை வைத்து 1893-ல் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் இந்தப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். இன்று உலகம் முழுக்க அந்தப் பெயர்தான். அந்தப் பக்கத்துக் குவாரிகள் மூடி, பள்ளங்களில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. கொஞ்சம் மேற்கே சிக்கராயபுரத்துக் கல்குட்டைகளிலிருந்து 2017 வறட்சியில் நகரத்துக்குக் குடிநீரே எடுத்தார்கள். ஆக, மலையாக இருந்த கல்லை இப்போது எடுக்க வேண்டுமென்றால் பழைய வீடுகளுக்குள்ளிருந்துதான் எடுக்க வேண்டும்.

நான் முதலில் தெரிந்துகொண்டதும் இதுதான்: முப்பத்தைந்து வருஷம் கான்கிரீட்டுக்குள் கிடந்ததால் அந்தக் கல்லுக்கு எதுவும் ஆகிவிடவில்லை. கோடிக்கணக்கான வருஷம் பூமிக்குள் இருந்ததற்கு முப்பத்தைந்து என்ன கணக்கு. கோளாறு கல்லில் இல்லை, அதன்மேல் ஒட்டியிருக்கும் பழைய சாந்தில் இருந்தது. அன்றைக்கு ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு என்று பெட்டியால் அளந்து, தண்ணீரைக் கண்ணால் அளந்து, கையால் கலந்த கலவை. கிரஷரில் போட்டு உடைத்தால் சில கல் சுத்தமாகக் கழன்று வரும். சில பாதி சாந்தோடு வரும். சில துண்டுகளில் கல்லே இருக்காது, இருபது மில்லிமீட்டர் அளவுக்கு உறைந்த சாந்து மட்டும்தான்.

ஆய்வகத்தில் பார்த்தேன். புதுக் கருங்கல் ஜல்லி ஒரு நாள் தண்ணீரில் கிடந்தால் தன் எடையில் 0.6 சதவீதம் உறிஞ்சியது. எங்கள் பழைய ஜல்லி 4.8. இம்பாக்ட் சோதனையில், பதினான்கு கிலோ சம்மட்டி பதினைந்து முறை விழுந்த பிறகு, புதுசு 17 சதவீதம் பொடியானது, பழசு 27. சாலைத் தளம் மாதிரித் தேய்மானம் உள்ள வேலைக்கே 30 வரை அனுமதி உண்டு. அதனால் 27-ஐப் பார்த்து நான் பயப்படவில்லை. 4.8-ஐப் பார்த்துப் பயந்திருக்க வேண்டும். பார்த்தேன், நோட்டில் குறித்தேன், மறந்தேன்.

சோதனைக்காக ஒரு மூட்டைச் சிமென்டுக்குக் கலந்தோம். காம்பவுண்டு சுவருக்கு அஸ்திவாரம். எதுவானாலும் வீடு விழாது என்பதால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். அத்துமீறி 30 சதவீதம் பழைய ஜல்லி. இளரத்தம் இல்லை, வெறும் ஆர்வக்கோளாறு. கலவையின் இளக்கத்தைக் காட்டும் ஸ்லம்ப் நூறு மில்லிமீட்டர் வந்தது. மோல்டில் போட்டுக் கியூப் எடுத்தேன். ஒரு போன் வந்தது. பேசிவிட்டு நாற்பது நிமிஷம் கழித்து வந்து இன்னும் சில கியூப் எடுத்தேன். அப்போது கலவை இன்னும் நன்றாக, தளதளவென்று இருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் நாற்பது நிமிஷம் கழிந்த கலவை எப்படி முதலைவிட இளகி இருக்கும்?

17-க்கும் 22-க்கும் நடுவே என் மண்டை காய்ந்துகொண்டிருந்த இரண்டு நாள் கழித்துத்தான், உடைந்த துண்டுகளில் பெயின்டால் எழுதிய எண்களைச் சேர்த்துப் பார்த்தேன். பலமான மூன்றும் முதலில் எடுத்தவை. பலவீனமான மூன்றும் போனுக்குப் பிறகு எடுத்தவை. மேஸ்திரியைத் தேடிப் போனேன்.

"மேஸ்திரி, அன்னிக்கு நான் போன் பேசப் போனேனே, அப்போ கலவையில தண்ணி சேத்தீங்களா?"

அவர் ஒளிக்கவில்லை. "ஆமா சார். எறங்கவே மாட்டேன்னுது. மிக்சர்லயே ஒட்டிக்கிது. அரை பக்கெட் வுட்டேன். வுடாம எப்படி ஊத்தறது? ஊத்திட்டுத் தேன்கூடு மாதிரி இருந்தா, அதுக்கும் நீங்கதான் கத்துவீங்க."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. தப்பு என் நோட்டில் இருந்தது. ஒரு கனமீட்டர் கான்கிரீட்டில் ஜல்லி மட்டும் சுமார் 1150 கிலோ. அதில் 30 சதவீதம் என்றால் 345 கிலோ பழசு. அது 4.8 சதவீதம் குடித்தால் பதினாறு லிட்டருக்கு மேல். மொத்தமாக நான் ஊற்றச் சொன்ன தண்ணீரே 175 லிட்டர்தான். ஒரு மூட்டைக் கணக்கில் சொன்னால், 25 லிட்டரில் இரண்டேகால் லிட்டரைக் காய்ந்த ஜல்லி சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டது. கலவை இறுகியது. மேஸ்திரி அதைச் சரிசெய்ய ஐந்து லிட்டர் விட்டார். இழந்ததைவிட இரண்டு மடங்கு. தண்ணீருக்கும் சிமென்டுக்கும் உள்ள விகிதம் கெட்டது. கான்கிரீட்டின் பலம் ஏறக்குறைய முழுக்க அந்த ஒரு விகிதத்தில்தான் தொங்குகிறது. பழைய ஜல்லி நேரடியாக யாரையும் ஏமாற்றவில்லை. ஒரு நல்ல மேஸ்திரியைத் தண்ணீர் ஊற்ற வைத்தது, அவ்வளவுதான்.

சரி, தாகம்தானே, குடிக்கக் கொடுத்துவிடலாம் என்று அடுத்த முறை டிரம்மில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டோம். காலையில் டிரம்மிலிருந்து சட்டியால் அள்ளி நேராக மிக்சருக்குள். ஸ்லம்ப் பார்க்கக் கோனைத் தூக்கினால் கலவை சாணி கரைத்த மாதிரிப் பரவியது. இந்த முறை ஜல்லி குடித்த தண்ணீரோடு, அதன் மேலே சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரும் கணக்கில் வராமல் உள்ளே போயிருந்தது. எல்லாக் கியூபும் ஒன்றுபோலத் தோற்றன. ஒரு விதத்தில் அது முன்னேற்றம். தோல்வியிலாவது ஓர் ஒழுங்கு வந்திருந்தது.

மூன்றாம் முறைதான் வழிக்கு வந்தது. சாயங்காலம் நனைத்து, சரிவான தளத்தில் ராத்திரி வடியவிட்டு, ஈரச் சாக்கால் மூடி வைத்தோம். காலையில் ஒரு பிடி அள்ளினால் கை ஈரமாக வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. புத்தகத்தில் இதற்கு நீளமான பெயர் இருக்கிறது. ஆயா அதைக் கேட்டுவிட்டு, "இட்லிக்கு அரிசி வடிக்கற மாதிரி" என்றார். அதற்குப் பிறகு யாருக்கும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. 383-இலேயே இதற்கு வழி சொல்லியிருக்கிறார்கள். நீர் உறிஞ்சுதல் பத்து சதவீதம் வரை இருந்தாலும், கலக்கும் முன் நனைத்துக்கொண்டால் இடித்த ஜல்லியைப் பயன்படுத்தலாம் என்று. ஒரு வரிதான். நான் அந்த வரியை மூன்று முறை கண்ணால் கடந்து போயிருக்கிறேன்.

மூட்டையை ஏற்றும் வரிசையையும் மாற்றினோம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டாமல், ஜல்லியும் மணலும் பாதித் தண்ணீரும் முதலில். ஒரு நிமிஷம் சுற்றவிட்டுச் சிமென்ட். பிறகு மீதித் தண்ணீர். பழைய சாந்தின் விரிசல்களுக்குள் முதலில் ஒரு கெட்டிப் பசை போய் அடைத்துக்கொள்ளும். இரண்டு கட்டமாகக் கலக்கும் இந்த முறையைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். எங்கள் மிக்சரில் அதனால் எவ்வளவு பலம் கூடியது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. கலவை சீராக வந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

இந்த முறை முழுக் கணக்காக வைத்தேன். பழசே இல்லாத கலவை, 20 சதவீதக் கலவை, முழுக்கப் பழசு மட்டுமே போட்ட கலவை. இருபத்தெட்டாம் நாள். பழசு இல்லாதது சராசரி 33. 20 சதவீதம் போட்டது 32. அந்த ஒரு நியூட்டன் வித்தியாசத்துக்கு அர்த்தமே இல்லை. ஒரே கலவையின் கியூப்களுக்குள்ளேயே அவ்வளவு வரும். முழுக்கப் பழசு போட்டது 26. ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. இது எங்கள் ஊரில் மட்டும் நடந்த விஷயமில்லை. உலகெங்கும் சோதித்தவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான்: முப்பது சதவீதம் வரை பெரிதாக ஒன்றும் தெரியாது, முழுசாக மாற்றினால் பத்திலிருந்து இருபத்தைந்து சதவீதம் வரை பலம் குறையும்.

உடைந்த முகத்தைப் பார்த்தால் ஏன் என்று தெரியும். சாதாரணக் கியூப் உடைந்தால் கருநீலக் கல்லைச் சுற்றிக்கொண்டு விரிசல் ஓடியிருக்கும். கல்லும் சாந்தும் சந்திக்கும் இடத்தில், தலைமுடித் தடிமன்கூட இல்லாத ஒரு படலம்தான் கான்கிரீட்டின் பலவீனமான இடம். பழைய ஜல்லியில் அந்தப் படலம் இரண்டு. கல்லுக்கும் பழைய சாந்துக்கும் நடுவே ஒன்று, பழைய சாந்துக்கும் புதிய சாந்துக்கும் நடுவே இன்னொன்று. எங்கள் துண்டுகளில் இரண்டு சாம்பல் நிறம் பக்கத்தில் பக்கத்தில் தெரியும், வெளிறியது பழசு, கருத்தது புதுசு. விளையாட்டாகப் பினாப்தலின் தெளித்துப் பார்த்தேன். புதுச் சாந்து பளிச்சென்று ரோஜா நிறத்துக்கு மாறியது. முப்பத்தைந்து வருஷம் காற்று குடித்த பழைய சாந்து பல இடத்தில் நிறமே மாறவில்லை. ஒரே துண்டுக்குள் இரண்டு வயசு.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது அந்த 26 இல்லை. அதற்குள் இருந்த கியூப்களின் எண்கள். ஒன்று 29, ஒன்று 27, ஒன்று 22. புதுக் கல் கலவையில் எல்லாம் தோளோடு தோள் நிற்கும். இவை ஆளுக்கொரு திசை. ஒரு கியூபுக்குள் சுத்தமான கல் நிறைய விழுந்திருக்கும், இன்னொன்றில் சாந்துருண்டைகள். எங்கிருந்து வந்தது, தூணிலிருந்தா, தளத்திலிருந்தா, குளியலறைப் பள்ளத்திலிருந்தா என்பதையும் பொறுத்தது.

கட்டடக்காரனுக்கு இந்தச் சிதறல்தான் செலவு. எம்25 என்றால் 25 வந்தால் போதாது. கலவையை அதைவிட மேலே குறி வைத்து வடிவமைக்க வேண்டும். வழக்கமான சிதறலுக்கு ஐ.எஸ். 456 சொல்கிற 4 நியூட்டனை எடுத்துக்கொண்டால் குறி 31.6. சிதறல் 6 ஆகிவிட்டால் குறி 34.9. அந்த மூன்று நியூட்டன் சொச்சத்தை எட்ட இன்னும் சிமென்ட் போட வேண்டும். ஜல்லியில் மிச்சம் பிடித்ததைச் சிமென்டில் கொட்டிவிட்டு, சுற்றுச்சூழலைக் காப்பாற்றினேன் என்று பெயர்ப்பலகை வைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. அதனால்தான் 20 என்ற எண்ணை இப்போது மதிக்கிறேன். அந்த அளவில் நாலு கல்லுக்கு ஒரு பழங்கல். அதன் குணக்கேட்டை மற்ற நாலும் தாங்கிக்கொள்ளும்.

பலம் மட்டும்தான் கேள்வியா என்றால் அதுவும் இல்லை. கியூபில் தேறிய கான்கிரீட்டும், பழசு அதிகமானால், காயும்போது கூடுதலாகச் சுருங்கும், பாரத்தில் கூடுதலாக வளையும். எட்டடி பால்கனி கேன்டிலீவரில் அது தெரியும், அஸ்திவாரத்தில் தெரியாது. மெஷினில் வைத்து நசுக்கும் சோதனை இதைச் சொல்லாது.

பெரியவரின் வீட்டுக் கல் எங்கே போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அஸ்திவாரக் குழிகளுக்கு அடியில் போடும் பிசிசி முழுக்கப் பழைய ஜல்லி. கார் நிறுத்தும் தரைத்தளத்தில் கால்வாசி. காம்பவுண்டு சுவர் பீமில் 20. தூணிலும் தளத்திலும் போடவில்லை. சட்டம் தடுக்கவில்லைதான், கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்துப் போட யோசித்தார், நானும் வற்புறுத்தவில்லை. பன்னிரண்டு வீட்டிலிருந்து வந்த கலப்படத்தை ஓர் ஆயாவின் கண்ணை நம்பித் தரம் பிரித்திருக்கிறேன். அவர் கண்ணை நம்புகிறேன். ஆனால் அவருக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாள் வராதபோது, பதிலுக்கு வந்த இரண்டு பையன்கள் ஜிப்சம் சீலிங் துண்டுகளையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். கிரஷரில் கொட்டும் முன்பு தற்செயலாகப் பார்த்தேன். சிமென்டோடு ஜிப்சம் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் உள்ளேயே உப்பி வெடிக்கும், அதுவும் உடனே இல்லாமல் மாதக்கணக்கில் கழித்து. இருபத்தெட்டு நாள் கியூப் அதைக் காட்டிக்கொடுக்காது. அந்த லோடு முழுவதையும் திருப்பினேன்.

செங்கல் துண்டுகளை ஆயா தனியாகக் குவித்து வைத்திருந்தார். அதற்கு நம் ஊரில் வழி முன்பே உண்டு. மொட்டைமாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுக் கட்டையால் அடித்துத் தளம் போட்ட காலத்து ஆட்கள் ஓரிருவர் இன்னும் இருக்கிறார்கள். கான்கிரீட்டுக்குள் வந்தால் தன் எடையில் பத்துப் பதினைந்து சதவீதம் தண்ணீரைக் குடித்து வம்பு செய்யும் அதே செங்கல், சுண்ணாம்போடு சேர்ந்தால் சாதுவாகிவிடும். எங்களுக்கு அந்த ஆட்கள் கிடைக்கவில்லை. குவியலை அடித்தளத்தின் நிரப்புக்குள் போட்டு ரோலர் ஓட்டினோம். ஜல்லி சலித்ததில் மிஞ்சிய தூளும் அங்கேதான் போனது. 383 அதையும் மணலாக ஓரளவு அனுமதிக்கிறது. ஆனால் தூள் முழுக்கப் பழைய சாந்துதான். அது குடிக்கும் தண்ணீருக்குக் கணக்குப் போட என்னிடம் பொறுமை மிச்சமில்லை.

அந்த மேஸ்திரி போன வருஷம் போன் செய்தார். இப்போது வேறு கம்பெனியில், மாதவரம் பக்கம் வேலை. "சார், இங்கயும் இடிச்ச ஜல்லி போடச் சொல்றாங்க."

"நனைச்சீங்களா?" என்றேன்.

"நேத்து சாயங்காலமே நனைச்சு, சாக்கு போட்டு மூடியாச்சு. அதுக்கு இல்ல சார் போன் பண்ணது. இங்க இருக்கற இன்ஜினியர் சின்னப் பையன், காய்ஞ்ச ஜல்லிய போடச் சொல்லி நிக்கறான். போனை அவன்கிட்ட குடுக்கறேன், நீங்க கொஞ்சம் சொல்லுங்க."